லாரி டிரைவரின் தூக்கமும் எலுமிச்சம் பழமும்

நெடுஞ்சாலையில் ஒரு லாரி கவிழ்ந்துவிட்டால் மறுநாள் பத்திரிகையில் நான்கு வரிச் சேதி வருகிறது. அந்த நான்கு வரியில் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. அதாவது, "டிரைவர் கண்ணயர்ந்ததே விபத்துக்குக் காரணம் எனத் தெரிகிறது" என்பதாகும். இதைப் படித்தவுடன் டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர், "பாவி, தூங்கிக்கொண்டா வண்டி ஓட்டுவான்?" என்கிறார். இன்னொருவர், "எல்லாம் அவன் தலையெழுத்து" என்கிறார். மூன்றாமவர், "அந்த வளைவில் ஒரு முனியப்பன் இருக்கிறது, காசு போடாமல் போயிருப்பான்" என்கிறார். அவ்வளவோடு விசாரணை முடிந்து போகிறது. செத்துப்போன அந்த மனிதன் அதற்கு முந்திய நாள் எத்தனை மணி நேரம் தூங்கினான், அதற்கு முந்திய நாள் எத்தனை மணி நேரம் தூங்கினான், அவனைத் தூங்கவிடாமல் செய்தது யார் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

தூங்கினது குற்றம் என்கிறார்கள். நாம் சொல்லுகிறோம், தூங்காததுதான் குற்றம். அந்தக் குற்றத்தைச் செய்தவன் டிரைவர் மாத்திரம் அல்ல என்று.

நமது நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்தில் லாரித் தொழில் எவ்வளவு பெரியது என்பதை நாம் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பக்கத்து வண்டி ஓடாத ராஜ்யம் இந்தியாவில் இல்லையென்றே சொல்லலாம். அங்கிருந்து ஒரு வண்டி டில்லிக்கு லோடு ஏற்றிக்கொண்டு கிளம்புகிறதாக வைத்துக்கொள்ளுவோம். ஓசூர், ஐதராபாத், நாகப்பூர், குவாலியர், ஆக்ரா என்று போனால் ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். பாரத்தோடு போகிற வண்டி, மேடு பள்ளம், டோல்கேட், ஊர் நெருக்கடி எல்லாவற்றையும் சேர்த்து மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் போகிறதென்றால், ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் நேரம் மாத்திரம் 60 மணி. ஒரு நாளைக்கு 10 மணி நேரம் ஓட்டினால் 6 நாள் ஆகும். "நாலு நாளில் சரக்கு இறங்கவேண்டும்" என்று சரக்குக்காரர் சொல்லுகிறார். லாரி முதலாளி "ஆகட்டும்" என்கிறார். இந்த "ஆகட்டும்" என்ற ஒரு வார்த்தையில் டிரைவருக்கு ஒரு நாளைக்கு 15 மணி நேர ஓட்டம் விழுந்துவிட்டது. பாக்கி உள்ள 9 மணி நேரத்தில் அவன் சோறு தின்ன வேண்டும், குளிக்க வேண்டும், டீசல் போட வேண்டும், பஞ்சர் ஒட்ட வேண்டும், தார்ப்பாய் அவிழ்ந்தால் கட்ட வேண்டும், வழியில் நிறுத்துகிற அதிகாரிகளுக்குக் காகிதம் காட்ட வேண்டும், எஞ்சியதில் தூங்க வேண்டும். கணக்குத் தெரிந்த முதலாளிக்கு இந்தக் கணக்கு மாத்திரம் தெரியாமல் போனது எப்படி?

இதிலும் ஒரு சூது இருக்கிறது. 60 மணி என்பது வண்டி ஓடுகிற நேரந்தான். ஓடாமல் நிற்கிற நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. லோடு ஏற்றுகிற இடத்தில் வரிசை. இறக்குகிற இடத்தில் வரிசை. ஆலைக்கு வெளியே காலையில் போய் நின்றால் இரவு வரையில் பெயரைக் கூப்பிடமாட்டார்கள். எப்பொழுது கூப்பிடுவார்கள் என்று தெரியாததனால் தூங்கவும் முடியாது. ஐந்து அடி, பத்து அடி என்று வண்டியை நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டும். இப்படிப் பகல் முழுவதும் காத்துக் கிடந்தவன் இரவு 9 மணிக்கு லோடு ஏறினவுடன் புறப்பட வேண்டும். முதலாளி நோட்டில் அவன் பயணம் இரவு 9 மணிக்குத்தான் ஆரம்பிக்கிறது. அவன் உடம்பின் நோட்டிலோ அது காலை 5 மணிக்கே ஆரம்பித்துவிட்டது. எந்த நோட்டை நம்புவது?

சமீபத்தில் இருபது வருஷமாக வடக்கே வண்டி ஓட்டுகிற ஒரு தோழரோடு பேசிக்கொண்டிருந்தோம். "ராத்திரியில் தூக்கம் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டோம்.

"ஏனுங்க, அது ஒண்ணா ரெண்டா? மூஞ்சில தண்ணி அடிச்சுக்குவமுங்க. பீடி பத்த வெப்பமுங்க. பாட்டுப் போடுவமுங்க. பொகையிலைய ஒதட்டுக்குள்ள வெச்சு எரிய உடுவமுங்க. அதுக்கும் மேல வந்துச்சுன்னா தொடையக் கிள்ளிக்குவமுங்க."

"ஓரமாக நிறுத்திவிட்டுத் தூங்கலாமே?"

"நிறுத்துனா மொதலாளி போன் பண்ணுவாருங்க. வண்டி எங்க நிக்குதுன்னு அவரு செல்போன்லயே தெரியுதுங்களே. அப்புறம், நிறுத்துன எடத்துல டீசல உறிஞ்சிப்போட்டாங்கன்னா அது நம்ம சம்பளத்துலதானுங்க புடிப்பாங்க. அப்படியே தூங்குனாலும் ஒரு காது டீசல் டேங்குலதானுங்க இருக்கும்."

இதைக் கேட்ட பிறகு நமக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று. வண்டி எங்கே இருக்கிறதென்று நிமிஷத்துக்கு நிமிஷம் தெரிந்துகொள்ள விஞ்ஞானம் வந்துவிட்டது. வண்டியை ஓட்டுகிறவன் எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறான் என்பதும் அதே கருவியிலேயே தெரியும். வண்டி நகர்ந்த நேரத்தையும் நின்ற நேரத்தையும் கூட்டிக் கழித்தால் போதும். ஆனால் அந்தக் கூட்டல் கழித்தலை மாத்திரம் யாரும் செய்வதில்லை. நின்றால் ஏன் நின்றாய் என்று கேட்பதற்குத்தான் கருவி. நிற்காவிட்டால் ஏன் நிற்கவில்லை என்று கேட்பதற்கு அல்ல.

தூக்கம் என்பது மன உறுதியினால் வெல்லக்கூடிய சோம்பேறித்தனம் அல்ல. அது பசியைப்போல, தாகத்தைப்போல உடம்பின் கடன். கட்டாமல் விட்டால் வட்டியோடு ஏறும். ஒரு கட்டத்தில் உடம்பு கேளாமலே எடுத்துக்கொள்ளும். கண் திறந்திருக்கும்போதே மூளை மூன்று நான்கு விநாடி அணைந்து போவதுண்டு. ஓட்டுகிறவனுக்கே அது தெரியாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற லாரி 4 விநாடியில் 66 மீட்டர் ஓடிவிடும். அதாவது, இருபது டன் சரக்கோடு ஒரு வண்டி இருநூறு அடிக்குமேல் ஓட்டுகிறவன் இல்லாமலே ஓடுகிறது. விடியற்காலம் 2 மணி முதல் 5 மணி வரையில் மனிதனுடைய உடம்பு தூக்கத்துக்கென்றே அடங்குகிற நேரம். பகல் சாப்பாட்டுக்குப் பின்னும் அப்படி ஒரு சிறு அடக்கம் உண்டு. இது இரத்தத்திலும் மூளையிலும் உள்ள ஏற்பாடு. ரோட்டோரத்து முனியப்பனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த வளைவில் அந்த நேரத்தில் வண்டிகள் கவிழ்வதற்குக் காரணம் வளைவில் இருக்கும் பேய் அல்ல. அந்த நேரமும், ஓட்டுகிறவன் விழித்திருந்த மணிகளுந்தான். தொப்பூர் கணவாயையே எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கேயிருந்து இராப்பகலாக ஓட்டி வந்தவன் ஊர் நெருங்கிவிட்டது என்கிற சமயத்தில் அந்த இறக்கம் வருகிறது. டீசல் மிச்சம் பிடிக்கவேண்டும் என்று கியரை நியூட்ரலில் போடுகிற பழக்கமும், இரண்டு நாள் தூக்கக் கடனும் அந்த இறக்கத்தில் ஒன்று சேருகின்றன. அதற்குப் பிறகு நடப்பதற்குத் தெய்வத்தின்மேல் பழி போடுவது தெய்வ நம்பிக்கைக்காரர்களுக்கே கௌரவம் அல்ல.

1997-ஆம் வருஷத்தில் ஆஸ்திரேலியாவில் இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு பரீட்சை செய்தார்கள். ஆட்களைத் தூங்கவிடாமல் வைத்தும், வேறொரு சமயம் அதே ஆட்களுக்கு மதுவைக் கொடுத்தும், கை, கண், மூளை எப்படி வேலை செய்கிறதென்று ஒத்துப் பார்த்தார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவனுடைய நிலைமை, 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் இருப்பவனுடைய நிலைமைக்குச் சமானமாக இருந்தது. 24 மணி நேரம் விழித்திருந்தவனுடையது ஏறக்குறைய 100 மில்லிகிராமுக்குச் சமானம். நமது நாட்டு மோட்டார் சட்டப்படி 30 மில்லிகிராமுக்கு மேலே போனாலே குற்றம். ஆகவே, விடியற்காலம் எழுந்து, பகலெல்லாம் லோடுக்குக் காத்திருந்து, நள்ளிரவில் ரோட்டில் போகிற டிரைவர் ஒரு சொட்டுக்கூடத் தொடாமலே சட்டத்தின் அளவைத் தாண்டின குடிகாரனுக்குச் சமமாக ஓட்டுகிறான். போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி வாயை ஊதச் சொல்லுகிறார். ஊதினால் ஒன்றும் வருவதில்லை. "போ" என்கிறார். "கடைசியாக எப்பொழுது தூங்கினாய்?" என்று கேட்பதற்கு அவருக்கு உத்தரவும் இல்லை, கருவியும் இல்லை. குடித்தவனுக்கு அபராதம் உண்டு. குடிக்க வைத்தவனைப்போல, தூங்கவிடாமல் வைத்தவனுக்கு என்ன உண்டு?

சட்டமே இல்லையா என்றால், இருந்தது. 1961-ஆம் வருஷத்தில் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று செய்தார்கள். அதன்படி நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. தூரப் பயணத்துக்கு அனுமதி வாங்கினாலும் எக்காரணத்தைக் கொண்டும் நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. 5 மணி நேரம் வேலை செய்தால் அரை மணி ஓய்வு. ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவில் சேர்ந்தாற்போல் 9 மணி ஓய்வு. வாசித்தால் எவ்வளவு அழகாயிருக்கிறது! ஆனால் ஐந்து தொழிலாளிகளுக்குக் குறைந்த முதலாளியை அது தொடவில்லை. நமது லாரித் தொழிலிலோ ஒரு வண்டி, இரண்டு வண்டிக்காரர்களே அதிகம். தொட்டவர்களிடத்திலும் அது எப்படி நடந்தது என்பதை எந்த டிரைவரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். 2020-இல் பார்லிமெண்டு செய்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு இந்தச் சட்டத்தையும் தன் வயிற்றுக்குள் போட்டுக்கொண்டது. காகிதத்தின் பெயர் மாறினதனால் டிரைவருக்கு ஒரு மணி நேரத் தூக்கமாவது கூடிற்றா என்பதே நமது கேள்வி.

கூடாதது மாத்திரமல்ல, குறைவதற்கும் சர்க்காரே வழி செய்திருக்கிறது. தேசிய பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் இருக்கவேண்டும் என்று முன்னே ஒரு விதி இருந்தது. ஒருவன் ஓட்டும்போது ஒருவன் தூங்கலாம் என்பதே அதன் பொருள். அந்த விதியை 2018-இல் எடுத்துவிட்டார்கள். வியாபாரத்துக்கு இடைஞ்சலாம்! அதே மாதிரி சரக்குக்கு எடுக்கிற ஈ-வே பில்லுக்கு 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கெடு இருந்தது. 1-1-2021 முதல் அதை 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் ஆக்கினார்கள். 200 கிலோமீட்டர் ஒரு நாளைக்கு அதிகமில்லை என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் சரக்கு எத்தனை நாளில் போகவேண்டும் என்று கெடு வைக்கத் தெரிந்த சர்க்காருக்கு, மனிதன் எத்தனை மணியில் நிற்கவேண்டும் என்று கெடு வைத்து அதைக் காவல் காக்கத் தெரியவில்லை என்பதைத்தான் கவனிக்கும்படி சொல்லுகிறோம். 2023 டிசம்பரில் செய்த புதிய குற்றச் சட்டத்தில், விபத்து செய்துவிட்டுத் தகவல் கொடுக்காமல் ஓடின டிரைவருக்குப் பத்து வருஷம் வரையில் ஜெயில் என்று ஒரு உட்பிரிவு போட்டார்கள். 2024 ஜனவரியில் டிரைவர்கள் பல ராஜ்யங்களில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். பிறகு 1-7-2024-இல் சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மாத்திரம் நிறுத்தி வைத்தார்கள். அடிபட்டவனை விட்டுவிட்டு ஓடுவது சரியென்று நாம் சொல்லவில்லை. ஜனங்கள் அடித்தே கொன்றுவிடுவார்கள் என்ற பயத்தில் ஓடுகிறான் என்பதும் பொய்யல்ல. ஆனால் பத்து வருஷத்தை டிரைவருக்கு எழுதின பேனா, அவனை 20 மணி நேரம் ஓட்டவைத்தவனுக்குப் பத்து நாளாவது எழுதிற்றா?

மற்ற தேசங்களைப் பாருங்கள். அமெரிக்காவில் சரக்கு லாரி ஓட்டுகிறவன் சேர்ந்தாற்போல் 10 மணி ஓய்வெடுத்த பிறகு 11 மணி நேரந்தான் ஓட்டலாம். வேலைக்கு வந்த நேரத்திலிருந்து 14 மணி ஆகிவிட்டால், நடுவில் காத்துக் கிடந்திருந்தாலும்கூட, பிறகு ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. ஐரோப்பாவில் நாலரை மணி ஓட்டினால் 45 நிமிஷம் நிறுத்தியாகவேண்டும். வண்டியிலேயே ஒரு கருவி இதையெல்லாம் பதிவு செய்துகொண்டிருக்கிறது. அங்கேயும் மோசடி இல்லாமல் இல்லை. களைப்பினால் விபத்து நடக்காமலும் இல்லை. ஆனால் களைப்பு என்பது தலைவிதியல்ல, அளந்து எழுதிக் கட்டுப்படுத்தக்கூடிய ஒன்று என்கிற புத்தியாவது வந்திருக்கிறது. "அது பணக்கார தேசம்" என்று சொல்லுகிறவர்களைக் கேட்கிறோம்: ஏழை தேசத்து மனிதனுக்குத் தூக்கம் குறைவாகப் போதும் என்று எந்த வைத்தியர் சொன்னார்?

இனி நமது எலுமிச்சம் பழத்துக்கு வருவோம். புது வண்டி வந்தால் நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம் பழம் வைத்து நசுக்குகிறார்கள். முன்னால் மிளகாயும் பழமும் கோத்துத் தொங்கவிடுகிறார்கள். ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவி, சந்தனம் பூசி, மாலை போட்டு, ரோட்டில் பூசணிக்காயை உடைக்கிறார்கள். அந்தப் பூசணிக்காயில் வழுக்கி மோட்டார் சைக்கிள்காரன் விழுவது வருஷா வருஷம் நடக்கிற காரியம். திருஷ்டி கழிப்பதற்காகச் செய்த காரியமே ஒருவனுக்கு விபத்தாகிறது. இந்தப் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது! போகட்டும். நாம் கேட்பது இதுதான். அந்த ஒரு நாளாவது வண்டிக்கு ஓய்வு கிடைக்கிறது, குளிப்பு கிடைக்கிறது, மாலை கிடைக்கிறது. இத்தனை கிலோமீட்டர் ஓடினால் ஆயில் மாற்றவேண்டும், டயர் மாற்றவேண்டும் என்று முதலாளி நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். இஞ்சின் சூடேறினால் ஓரமாக நிறுத்தென்று அவரே சொல்லுகிறார். இரும்புக்கு இருக்கிற கணக்கு எலும்புக்கு இல்லை. இரும்பு போனால் பணம் போட்டு வாங்கவேண்டும். எலும்பு போனால் வேறொரு எலும்பு சும்மா கிடைக்கும் என்பதல்லாமல் இதற்கு வேறு காரணம் உண்டா?

ஆனால் இப்பொழுது சும்மா கிடைப்பதும் நின்று வருகிறது. டிரைவர் கிடைக்கவில்லை என்று முதலாளிகளே அழுகிறார்கள். முன்னே கிளீனராக ஏறின பையன் பத்து வருஷத்தில் டிரைவரானான். இன்று கிளீனரே இல்லாமல் பல வண்டி ஓடுகிறது. டிரைவர் தன் மகனை இந்தத் தொழிலுக்கு அனுப்பச் சம்மதிப்பதில்லை. டிரைவர் என்றால் பெண் கொடுக்கவே யோசிக்கிறார்கள். மேலே சொன்ன தோழர் இன்னொன்றும் சொன்னார். வீட்டுக்குப் போனால் முதல் நாள் முழுவதும் தூங்குகிறாராம். இரண்டாம் நாள் யார் பேசினாலும் எரிச்சல் வருகிறதாம். மூன்றாம் நாள் பிள்ளைகள் பக்கத்தில் வர ஆரம்பிக்கும்போது முதலாளியிடமிருந்து போன் வந்துவிடுகிறதாம். "வண்டிய விட்டு எறங்குனாலும் உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்குதுங்க" என்றார். உடம்புக் களைப்பு ஒரு இரவுத் தூக்கத்தில் போகும். இந்த உள்ளுக்குள் ஓடுகிற களைப்பு அப்படிப் போவதில்லை. வருஷக்கணக்காகச் சேர்ந்தது அது. நிதானத்தைக் கெடுக்கும், கோபத்தைக் கொடுக்கும், சாராயக் கடைக்கு வழி காட்டும். பிறகு "டிரைவர் என்றாலே குடிகாரன்" என்று நாமே பட்டம் கட்டுகிறோம்.

"டிரைவர்களே அதிக டிரிப்புக்கு ஆசைப்படுகிறார்களே?" என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். ஆம், ஆசைப்படுகிறார்கள். டிரிப்புக்கு இவ்வளவு, பேட்டா இவ்வளவு என்று கூலி வைத்தால் ஓடினால்தானே சோறு? நின்ற நேரத்துக்குக் கூலி கொடுத்துப் பாருங்கள். பிறகு ஆசை இருக்கிறதா என்று பார்ப்போம். "ஒரு வண்டிக்காரன், தவணை கட்டவேண்டியவன், அவனே முதலாளி, அவனே டிரைவர், அவன் என்ன செய்வான்?" என்பது நியாயமான கேள்விதான். அவன் தன்னைத்தானே சுரண்டிக்கொள்ளுகிறவன். வாடகையை அடிமாட்டு விலைக்கு இறக்குகிற சரக்குக்காரரும் புக்கிங் ஆபீசும் தவணைக் கம்பெனியும் அவன் முதுகில் மூன்று பேராக உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால்தான் கெடுவை லாரிக்காரனுக்கு மாத்திரம் வைத்துப் பிரயோஜனமில்லை. சரக்கு அனுப்புகிறவனுக்கும் வைக்கவேண்டும் என்கிறோம்.

சட்டம் வருகிற வரையில் டிரைவர் தோழர்கள் செத்துக்கொண்டிருக்க முடியாதாகையால் அவர்களுக்குச் சில வார்த்தை. முகத்தில் தண்ணீரும், பாட்டும், காற்றும் சில நிமிஷத்துக்குத்தான். கொட்டாவி அடுத்தடுத்து வந்தாலும், கடந்த இரண்டு மூன்று கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லாவிட்டாலும், வண்டி கோட்டை விட்டு விலகினாலும், தூக்கம் வரப்போகிறது என்று எண்ணவேண்டாம், வந்துவிட்டது என்று எண்ணுங்கள். பங்க்கிலோ ஓட்டலிலோ வெளிச்சமுள்ள இடமாக நிறுத்துங்கள். டீயோ காப்பியோ வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும். ஆகையால் அதைக் குடித்துவிட்டு உடனே 20 நிமிஷம் தூங்கி எழுந்தால் இரண்டும் சேர்ந்து உதவும். எழுந்தவுடன் ஓட்டாமல் கால் மணி நேரம் நடந்துவிட்டு ஏறுங்கள். இதுவும் ஒரு கைமாற்றுக் கடன்தான்; முழுத் தூக்கத்துக்குப் பதில் ஆகாது. 2 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில் வண்டியை நிறுத்துகிறமாதிரி பயணத்தை அமைத்துக்கொள்ளப் பாருங்கள். இரவில் பலத்த குறட்டை விட்டு, நடுவில் மூச்சு அடைத்து எழுந்து, பகலில் எந்நேரமும் தூக்கமாக இருக்கிறவர்கள் வைத்தியரைப் பாருங்கள். அது சோம்பலல்ல, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற வியாதி. அதற்குச் சிகிச்சை உண்டு. மாத்திரையும் போதையும் வேண்டாம். அவை கடனைத் தீர்ப்பதில்லை, கடன்காரனை மறக்கச் செய்கின்றன.

முதலாளிகளுக்கு நாம் சொல்லுவது மூன்று காரியந்தான். தூர வண்டிக்கு மறுபடியும் இரண்டு டிரைவர் போடுங்கள். காத்திருந்த நேரத்துக்குக் கூலி கொடுங்கள். கொடுக்க ஆரம்பித்தால் சரக்குக்காரரிடம் அதை வசூலிக்கவும் உங்களுக்குத் தானே வழி தெரியும். திருட்டுப்போன டீசலைத் தூங்கினவன் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். புதிதாகச் செய்யப்படுகிற லாரிகளில் டிரைவர் இடத்துக்குக் குளிர்சாதனம் இருக்கவேண்டும் என்று சர்க்கார் விதி போட்டிருப்பது நல்லதுதான். வெய்யிலில் வெந்த மனிதன் சீக்கிரம் களைப்பான். ஆனால் குளிர்ந்த பெட்டியில் 18 மணி நேரம் ஓட்டினாலும் அது 18 மணி நேரந்தான்.

சரக்கு ஏற்றுகிற ஒவ்வொரு ஆலை வாசலிலும் கிடங்கு வாசலிலும் ஒரு பலகை வைத்து, வண்டி வந்த நேரம், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் என்ற மூன்றையும் எழுதி, ஒரு நகலை டிரைவர் கையில் கொடுக்கும்படி லாரிச் சங்கங்களும் டிரைவர் சங்கங்களும் சேர்ந்து கேட்கவேண்டும். செலவு ஒரு சாக்குக்கட்டிதான். இதைச் செய்ய முடியாது என்று எந்த முதலாளியாவது, எந்தச் சரக்குக்காரராவது காரணம் காட்டி எழுதினால், அதை இப்பத்திரிகையில் ஒரு எழுத்தும் குறைக்காமல் பிரசுரித்து, அதற்கு நமது பதிலையும் எழுதத் தயாராயிருக்கிறோம்.